எத்தியோப்பியாவில் விருந்தாளி: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எத்தியோப்பியாவில் ஒரு பள்ளியில் மூன்று மாதம் தன்னார்வலராகக் கணிதம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். நான் சைவம். அங்கே வீட்டுக்குக் கூப்பிட்டு உபசரிப்பார்கள், மறுத்தால் வருத்தப்படுவார்கள் என்கிறார்கள். சங்கடமில்லாமல் எப்படிச் சாப்பிடுவது, எங்கே நிறுத்துவது? வசதி குறைந்தவர்கள் வீட்டில் போய்ச் சாப்பிடுவதும் உறுத்தலாக இருக்கிறது.

எம்.

அன்புள்ள எம்.,

சைவக்காரருக்கு எத்தியோப்பியா தோதான நாடு. ஆனால் முதலில் நாள் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரதம். ஈஸ்டருக்கு முன்னால் 55 நாள் பெரிய விரதம். அந்த நாட்களில் இறைச்சி, பால், வெண்ணெய், முட்டை எதுவும் கிடையாது. 'யெட்ஸோம்' என்று கேட்டால் விரதச் சாப்பாடு வரும். பெயாய்நெத்து என்பது பல கூட்டுகளை ஒரே தட்டில் வைப்பது: பெர்பெரே மிளகாய்ப்பொடி போட்ட மைசூர்ப் பருப்பு, காரமில்லாத மஞ்சள் பட்டாணிப் பருப்பு, கீரை, முட்டைக்கோஸ், பீட்ரூட். விரதத்திலும் மீன் சாப்பிடுகிறவர்கள் உண்டு, ஆகவே மீனும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள்.

மற்ற நாட்களில்தான் கவனம் தேவை. ஷிரோ கடலை மாவுக் குழம்புதான், ஆனால் 'போஸெனா ஷிரோ' என்றால் அதில் மாட்டிறைச்சித் துண்டு இருக்கும். ஈஸ்டர் முடிந்த 50 நாட்களுக்குப் புதன், வெள்ளி விரதமும் கிடையாது, தட்டு முழுக்க இறைச்சிதான். முஸ்லிம் வீடுகளிலும், தெற்கே நிறைய இருக்கும் புராட்டஸ்டண்ட் வீடுகளிலும் இந்த விரதக் கணக்கு செல்லாது. 'ஸிகா அல்பெலாம்', அதாவது இறைச்சி சாப்பிடுவதில்லை என்பதை, அழைக்கும்போதே சொல்லுங்கள். ஆடு அறுத்த பிறகு சொன்னால் அது அவர்களுக்குத் தண்டனை.

சாப்பாட்டுக்கு முன் செம்பும் தாம்பாளமும் கொண்டுவந்து கையில் தண்ணீர் ஊற்றுவார்கள். தட்டில் விரித்து மேலே குழம்பு வைக்கும் தோசை போன்ற ரொட்டிதான் இன்ஜெரா. தெஃப் என்னும் மிகச்சிறிய தானியத்தின் மாவை இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, திருப்பிப் போடாமல் ஒரு பக்கமாகவே சுடுவது. தோசைமாவுப் புளிப்புக்குப் பழகிய வாய்க்கு இது அந்நியமாக இருக்காது. வலது கையால், உங்கள் பக்கத்து ஓரத்திலிருந்து கிழித்து, குழம்பை அதில் சுற்றி எடுங்கள். விரலை நக்காதீர்கள். குழம்பு ஊறிய அடி இன்ஜெராவைக் கடைசியில்தான் சாப்பிடுவார்கள், ருசி அங்கேதான். ஆகவே முதல் கால்மணியில் வயிற்றை நிரப்பிவிடாதீர்கள்.

நடுவில் யாராவது உருட்டி உங்கள் வாயில் ஊட்டுவார்கள், அது குர்ஷா. பெரிதாகவே இருக்கும், வாயை நன்றாகத் திறந்து வாங்குங்கள். ஒன்றோடு நிற்காது. பதிலுக்கு நீங்களும் ஒன்று ஊட்டினால் வீடே சிரிக்கும்.

நிறுத்துவதுதான் கஷ்டம். உங்கள் பக்கம் காலியானால் இன்னொரு இன்ஜெரா விழும். வேகமாகச் சாப்பிடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான். மெதுவாகச் சாப்பிட்டு, கொஞ்சம் மிச்சம் வைத்து, நெஞ்சில் கைவைத்து 'பெக்காஞ்' (போதும்) என்று சொல்லுங்கள். முதல் தடவை சொன்னால் அது கூச்சம் என்றே எடுத்துக்கொள்வார்கள். மூன்றாவது தடவைதான் நம்புவார்கள்.

செலவு வைக்கிறோமே என்ற உறுத்தலுக்கு வழி காப்பிதான். அடிக்கடி கூப்பிடுகிற வீட்டில், சாப்பாட்டுக்குப் பதிலாக 'புனா' குடிக்க வருகிறேன் என்று நீங்களே சொல்லிவிடலாம். பச்சைக் கொட்டையைக் கழுவி, கரியடுப்பில் உங்கள் எதிரிலேயே வறுத்து, புகையோடு சட்டியை ஒவ்வொருவர் முன்னாலும் கொண்டுவருவார்கள். அந்தப் புகையைக் கையால் உங்கள் பக்கம் அள்ளி முகர வேண்டும். பிறகு உரலில் இடித்து, ஜெபெனா என்ற மண்கூஜாவில் கொதிக்கவைத்து, பிடியில்லாத சின்னக் கிண்ணங்களில் ஊற்றுவார்கள். அதே பொடியில் மீண்டும் தண்ணீர் விட்டு மூன்று சுற்று: அபோல், தோனா, பெரெகா. ஒன்றைவிட ஒன்று இளசு. பெரெகா ஆசீர்வாதச் சுற்று, அதற்கு முன் எழுந்து போவது சரியில்லை. ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். தூக்கம் கெடும் என்றால் அபோலைப் பாதிக் கிண்ணமாகக் கேளுங்கள். போகும்போது ஒரு கிலோ சர்க்கரையோ பச்சைக் காப்பிக்கொட்டையோ எடுத்துப்போங்கள். பணம் நீட்டாதீர்கள்.

வயிறு கெடுவது பெரும்பாலும் சூடான குழம்பால் அல்ல. மேலே வைக்கும் சமைக்காத தக்காளி சாலட், குழாய்த் தண்ணீர், வீட்டில் காய்ச்சும் தெல்லா பீர், இவற்றால்தான். அடிஸ் அபாபா 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 92 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். 2,000 மீட்டருக்கு மேல் ஒரு நிமிடம் போதாது, மூன்று நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும்.

இன்னொன்று, மணிக்கணக்கு. அங்கே பகல் கணக்கு சூரியோதயத்திலிருந்து தொடங்கும். 'ஆறு மணிக்குச் சாப்பிட வாங்க' என்றால் அது நம் மதியம் 12. எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.