கடன் தவணை நெருங்கினால் பசியின்றியே சாப்பிடுகிறேன், எப்படி நிறுத்துவது?

கிளிநொச்சியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், தவணைக்காரர் வரும் நாளுக்கு முந்தைய இரவில் பிஸ்கட்டும் மிக்சரும் தீரும்வரை கை நிற்பதில்லை என்கிறீர்கள். இது ஒழுக்கக் குறைபாடு அல்ல. மன அழுத்தம் நீடிக்கும்போது சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகள் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனைக் கூடுதலாகச் சுரக்கின்றன. அது பசியைத் தூண்டி, இனிப்பும் கொழுப்பும் மிகுந்த உணவை நாடச் செய்கிறது. அவ்வுணவு தரும் ஆறுதல் உண்மையானதே, ஆனால் சிறிது நேரமே நிற்கும்.

வன்னியில் இதற்கு இன்னொரு வேரும் இருக்கலாம். 2009இல் போரின் இறுதி நாட்களில் முள்ளிவாய்க்காலில் ஒரு கோப்பைக் கஞ்சிக்காக வரிசையில் நின்றவர்களுக்கு, வீட்டில் உணவு இருப்பதே பாதுகாப்பு என்ற உணர்வு ஆழப் பதிந்திருப்பதில் வியப்பில்லை. ஆகவே உங்களை நீங்களே திட்டாதீர்கள். குற்றவுணர்வு மறுபடியும் உண்ணவே தூண்டும்.

பகலுணவைத் தவிர்ப்பதை முதலில் நிறுத்துங்கள், ஏனெனில் பட்டினி கிடந்த உடல் இரவில் கட்டுப்படாது. கை நீளும்போது, சோறும் பருப்பும் கிடைத்தாலும் உண்பேனா என்று கேட்டுப் பாருங்கள்; மிக்சர்தான் வேண்டுமெனில் அது பெரும்பாலும் பசியன்று. அப்போது பத்து நிமிடம் முற்றத்தில் நடந்து, தவணைக் கவலையை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். என் கணிப்பில் இதுவே மிகவும் பயன்தரும். கட்டுப்பாடின்றி உண்பது வாரந்தோறும் தொடர்ந்தால், மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடுங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம்.