ஓட்டைத் தீர்மானிப்பது இனமா, பெண் என்பதா, பிழைப்பா?

2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் டிரம்ப் ஜெயித்தது இனத்தாலா, எதிரே நின்றது பெண் என்பதாலா, வேலை போகும் பயத்தாலா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரிக்க முடியாது என்பேன். வறுமை மட்டுமே காரணமில்லை. ஆண்டு வருமானம் 50,000 டாலருக்குக் கீழ் இருந்தவர்களில் அவரை எதிர்த்து நின்ற ஹிலாரி கிளின்டனுக்குத்தான் அதிக ஓட்டு.

திருநெல்வேலி மாவட்டத்தில் எங்கள் முக்கூடல் பக்கம் வாருங்கள்; இங்கேயும் அப்படித்தான். மடியில் தட்டு, கையில் கத்தரியோடு பீடி சுற்றும் அக்காக்கள் முதலில் பேசுவது ஆயிரம் பீடிக்கான கூலியைத்தான். 2023 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை தங்கள் கணக்கிலேயே விழுவது அவர்களுக்குப் பெரிய விஷயம். சரி, வேட்பாளர் பெயர் வந்ததும்? ‘நம்ம ஆளா?’ என்றுதான் கேட்கிறார்கள். அதை வெறும் சாதிப்பற்று என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தாலுகா ஆபீசிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் நமக்காக யார் வந்து நிற்பார் என்ற கவலையும் அதற்குள் இருக்கிறது.