தோஸ்த்காரன் சொல்கிறேன்: எங்கள் ஸ்டாண்டில் யார் வண்டி உசத்தி?

கேள்வி: அமெரிக்காவில் ஃபோர்டு, ராம், செவர்லே டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் ஒருவர் வண்டியை ஒருவர் ஓயாமல் கிண்டல் செய்துகொள்வார்களாமே, நம் ஊர் பிக்கப்காரர்களிடமும் அப்படி உண்டா? உண்டென்றால் எந்த வண்டி உசத்தி?

உண்டா என்றா கேட்கிறீர்கள்? விடிகாலை நாலு மணிக்கு ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் பக்கம் வந்து, எங்கள் ஸ்டாண்டு டீக்கடை முன்னால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். முதல் டீ கைக்கு வருவதற்குள் யாராவது ஒருவருடைய வண்டியின் மானம் போயிருக்கும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் தோஸ்த்காரன். அசோக் லேலண்டின் தோஸ்த் பிக்கப் ஓட்டுகிறவன். ஒன்பது வருடமாக அதே ஸ்டாண்டு, அதே வண்டி. ஆகவே இந்தப் பதிலில் நடுநிலைமையை எல்லாம் தேடாதீர்கள்.

எங்களிடம் மூன்று கட்சி. டாடா ஏஸ் கட்சிக்கு ஒரு பெரியவர் தலைவர். ஸ்டாண்டில் எல்லோருக்கும் அவர் பெரியப்பா. மகிந்திரா பொலேரோ பிக்கப் கட்சிக்கு ஒரு மாமா. சொந்தத்தில் மாமா இல்லை. நான் வந்த முதல் நாளே "வா மாப்ள" என்று கூப்பிட்டார், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. தோஸ்த் கட்சியில் நானும் இன்னும் நாலு பேரும். இன்ட்ரா, ஜீத்தோ என்று ஒன்றிரண்டு சுயேச்சைகள் உண்டு; சண்டை முற்றினால் இரண்டு பக்கமும் டீ வாங்கிக் குடித்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

பெரியப்பாவின் ஆயுதம் சீனியாரிட்டி. ஏஸ் வந்தது 2005இல். அதற்கு முன்னால் சின்ன லோடு என்றால் மூன்று சக்கர லோடு ஆட்டோ, கொஞ்சம் பெரிது என்றால் மினி லாரி. நடுவில் கைக்கு அடக்கமாக நாலு சக்கரத்தில் ஒன்றும் இல்லை. "நாங்க ரோடு போட்டுக் குடுத்தோம், நீங்க ஓட்டுறீங்க" என்பார். தோஸ்த் 2011இல்தான் வந்தது என்பதால் இதற்கு என்னிடம் பதில் கிடையாது. மாமா விடமாட்டார். ஏஸின் முதல் இன்ஜின் இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன்.

"ஏன்ணே, என் மகன் பைக்குலயே இதைவிடக் கூட இருக்குது."

"சரிப்பா, அந்த பைக்குல முக்கா டன் வெங்காயத்தை ஏத்திக்கிட்டு வரச் சொல்லு, பாப்போம்."

மாமா டீயைப் பார்த்துக்கொண்டு குடிப்பார்.

எங்களை உண்மையில் நோகடிக்கிற விஷயம் வேறு. குட்டியானை என்பது ஏஸுக்கு ஜனங்கள் வைத்த பேர். ஆனால் இன்றைக்கு நம் ஊரில் கொஞ்சம் சின்னதாக, பின்னால் திறந்த பாடியோடு எது வந்தாலும் அது குட்டியானைதான். வீடு மாற்றுகிறவர் எனக்குப் போன் போட்டு, "அண்ணே, உங்க குட்டியானை ஃப்ரீயா இருக்குதா?" என்று கேட்பார். தோஸ்த் வாங்கி, டியூ கட்டி முடித்து, கண்ணாடியில் பெரிதாகப் பேர் எழுதி வைத்திருக்கிறேன் நான். போன் ஸ்பீக்கரில் இருந்துவிட்டால் போச்சு. பெரியப்பா எதுவும் பேசமாட்டார், விரலை மட்டும் நீட்டி டீக்கடையைக் காட்டுவார். எவன் வண்டியைக் குட்டியானை என்று கூப்பிட்டாலும் அவன் செலவில் பெரியப்பாவுக்கு ஒரு டீ. இது ஸ்டாண்டின் எழுதாத சட்டம். இந்த ஒன்பது வருடத்தில் அவருக்கு நான் வாங்கிக் கொடுத்த டீயைச் சேர்த்தால் ஒரு டயர் வாங்கியிருக்கலாம்.

என் பங்குக்கு நான் ஊர்ப்பெருமையை எடுப்பேன். தோஸ்த் ஓசூரில் செய்கிற வண்டி, அசோக் லேலண்ட் எண்ணூரில் வளர்ந்த கம்பெனி. "நம்ம மண்ணு வண்டி மாமா" என்று ஒருநாள் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். மாமா எங்கேயோ படித்து வைத்திருந்தார் போல. "அது ஜப்பான்காரன் நிசானோட சேர்ந்து செஞ்சதுதானே மாப்ள?" என்றார். உண்மைதான், கூட்டுக் கம்பெனியாகத் தொடங்கியது; 2016இல்தான் நிசானின் பங்கை அசோக் லேலண்ட் வாங்கிக்கொண்டது. இது போதாதென்று, மகிந்திராவின் ஆராய்ச்சி மையமே செங்கல்பட்டுப் பக்கம்தான் இருக்கிறது என்று ஒரு குண்டையும் போட்டார். அன்றிலிருந்து மண் பேச்சை நான் எடுப்பதில்லை.

எந்த வண்டி உசத்தி என்று கேட்டீர்கள். இதற்குத் தக்காளிப் பெட்டியை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். எங்கள் பக்கம் பெட்டிக்கு 14 கிலோ கணக்கு. முக்கால் டன் ஏஸில் 53 பெட்டி. 1250 கிலோ தோஸ்த்தில் 89. பொலேரோவில் 1.7 டன் மாடல் என்றால் 121. காலிப் பெட்டியின் எடையையும் சேர்த்தால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் குறையும். இப்போது உங்கள் வியாபாரிக்குத் தினமும் 50 பெட்டிதான் போகிறது என்றால், பொலேரோ வாங்கி என்ன செய்வீர்கள்? அதே ஆள் கேரளாவுக்கு 120 பெட்டி அனுப்புகிறவர் என்றால், ஏஸ் இரண்டு நடைக்கு மேல் அடிக்க வேண்டும். இன்னொரு பக்கம், மார்க்கெட் சந்துக்குள் ஏஸ் திரும்புகிற அழகைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். 4.3 மீட்டர் ஆரத்தில் சுற்றிவிடும். நானும் மாமாவும் முன்னே பின்னே எடுத்து, சுமை தூக்குகிறவர்களிடம் திட்டு வாங்கி, வேர்த்து வெளியே வருவதற்குள் பெரியப்பா லோடு இறக்கிவிட்டு இரண்டாவது நடைக்கு வரிசையில் நிற்பார்.

ஒன்று கவனித்திருக்கிறேன். புதிதாக வண்டி வாங்கப் போகிற பையன் யாராவது வந்து யோசனை கேட்டால், கட்சி எல்லாம் அந்த நிமிடமே கலைந்துவிடும். மாமாவே, "தினமும் ஒன்றரை டன் கையில இருக்குதா? இல்லைன்னா இதை வாங்காதே தம்பி, டியூவுக்காகவே ஓட்டுவே. பெரியப்பாகிட்ட கேளு" என்று அனுப்பி வைப்பார். பெரியப்பா என்னிடம் அனுப்புவார். பையன் போனதும் மறுபடி ஆரம்பித்துவிடும்.

அமெரிக்கக் கதைக்கும் வருகிறேன், கேட்டீர்களே. அங்கே ராமின் கமின்ஸ், ஃபோர்டின் பவர்ஸ்ட்ரோக், செவர்லேயின் டியூராமேக்ஸ் என்று இன்ஜின் பேரைச் சொல்லியே சண்டை போடுவார்கள். இந்தப் போட்டியில் கம்பெனிகளே இறங்கி அடிக்கும். 2019 மாடல் ராம் முறுக்குவிசையில், அதாவது டார்க்கில், 1000 பவுண்டு-அடியைத் தொட்டது. அடுத்த வருட மாடலிலேயே ஃபோர்டு 1050 என்று வந்து நின்றது. நம்மிடம் அந்தக் கணக்கு எடுபடாது. முறுக்குவிசை எவ்வளவு என்று எங்கள் ஸ்டாண்டில் ஒருவனும் கேட்டதில்லை, மைலேஜ் எவ்வளவு என்றுதான் கேட்பான். ஆனால் ஒரு சுவாரசியம் இருக்கிறது. ராம்காரர்கள் சாமியாகக் கும்பிடுகிற பழைய 5.9 லிட்டர் கமின்ஸ் இன்ஜினின் உடன்பிறப்பு நம் ஊர் ரோட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது. டாடாவும் கமின்ஸும் 1993இல் ஜாம்ஷெட்பூரில் தொடங்கிய கூட்டுக் கம்பெனியில் செய்து, டாடா லாரிகளில் மாட்டினார்கள். 2515 டி.சி. என்று லாரிக்காரர்கள் சொல்வார்களே, அதில் இருந்தது டாடா கமின்ஸ் இன்ஜின்தான். அங்கே வீட்டு வாசலில் பளபளவென்று நிற்பது, இங்கே சேலம் பைபாஸில் சிமென்ட் மூட்டையோடு போய்க்கொண்டிருந்தது.

கிண்டலுக்கும் எங்களிடம் வரைமுறை உண்டு. பார்ட்டி நின்று வாடகை பேசிக்கொண்டிருக்கும்போது அவன் வண்டியைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. டியூ கட்ட வேண்டிய தேதியில் கூடாது. வண்டி பட்டறையில் நிற்கும்போது கூடவே கூடாது, அது சாவு வீட்டில் சிரிக்கிற மாதிரி. மற்றபடி எல்லாம் பேசலாம்.

மைலேஜ் என்றேனே, அதில் நான் பட்டதைச் சொல்லாமல் போனால் இந்தப் பதில் முழுசாகாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆயுத பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்பு, மாமாவுக்கும் எனக்கும் பந்தயம். ரிசர்வ் லைட் எரிந்ததும் ஆளுக்கு 30 லிட்டர் போட வேண்டும். மறுபடி லைட் எரியும் வரை ஓட்ட வேண்டும். யாருக்குக் கிலோமீட்டர் அதிகமோ அவர் ஜெயித்தார். தோற்றவர் ஸ்டாண்டு முழுக்கப் பரோட்டா. மாமா முதலில் முடித்தார்: 405. லோடு வண்டியில் லிட்டருக்குப் பதின்மூன்றரை. கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் சொல்லிச் சொல்லிக் காட்டினார். நான் 430 தாண்டுவேன் என்று ஏற்கெனவே ஸ்டாண்டில் சவால் விட்டிருந்தேன்.

அந்த வாரம் பார்த்துக் கொடைக்கானல் லோடு வந்தது. ராத்திரி ஒரு மணிக்குப் பழனி தாண்டும்போது லைட் எரிந்தது. மீட்டரில் 391. ஜெயிக்க இன்னும் பதினைந்தே கிலோமீட்டர்! வழியிலேயே பங்க் இருந்தது, விளக்குப் போட்டுக் கூப்பிட்டது. நான் தலையைத் திருப்பிக்கொண்டு போனேன். கொடைக்கானல் போய் நிரப்பிக்கொள்ளலாம், ரிசர்வ் தாங்கும், லைட் மேலே போய்த்தான் எரிந்தது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்கு. 406 வந்தபோது தனியாகச் சிரித்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

பழனியிலிருந்து கொடைக்கானல் 60 கிலோமீட்டருக்கு மேல், முக்கால்வாசி ஏற்றம். ஒன்றே கால் டன்னை ஏற்றிக்கொண்டு இரண்டாவது கியரிலேயே உறுமிக்கொண்டு போகிற வண்டி டீசலை எப்படிக் குடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பெருமாள் மலைக்குச் சில கிலோமீட்டர் கீழே, ஒரு கொண்டை ஊசி வளைவு தாண்டி, இரண்டு முறை விக்கி நின்றுவிட்டது. பின் சக்கரத்துக்குக் கல்லைக் கொடுத்துவிட்டு மூடுபனிக்குள் உட்கார்ந்திருந்தேன். போனில் ஒரு கோடு கூட இல்லை.

முக்கால் மணி நேரம் கழித்து வளைவில் ஒரு வெளிச்சம். சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, பொலேரோ. வேறு கடைக்கு லோடு ஏற்றிக்கொண்டு பின்னால் வந்திருக்கிறார் மாமா.

ஒன்றும் கேட்கவில்லை. சீட்டுக்குப் பின்னாலிருந்து ஐந்து லிட்டர் கேனை எடுத்து ஊற்றினார். டீசல் வண்டி காய்ந்து நின்றால் ஊற்றிய உடனே கிளம்பாது, பைப்பில் காற்று ஏறியிருக்கும். செல்போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஃபில்டர் மேலே இருக்கிற திருகைக் கொஞ்சம் தளர்த்தி, கை பம்பை அமுக்க ஆரம்பித்தார். முதலில் வெறும் காற்று. அப்புறம் சோப்பு நுரை மாதிரி புஸ் புஸ்ஸென்று வந்தது. இருபது, முப்பது அமுக்கு. நுரை நின்று கண்ணாடி மாதிரி டீசல் வழிந்ததும் திருகை இறுக்கினார். "அடி" என்றார். "விடாம அடிக்காதே, செல்ஃப் சூடாயிரும், விட்டு விட்டு அடி." மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது.

கையைத் துடைத்துக்கொண்டே ஜன்னல் வழியாக எட்டி மீட்டரைப் பார்த்தார். 440.

"லைட் எப்ப எரிஞ்சது மாப்ள?"

"இப்பத்தான் மாமா. கொஞ்சம் முன்னாடி."

"சரி" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் ஸ்டாண்டில் அவராகவே, "மாப்ள ஜெயிச்சுட்டான்ப்பா" என்று அறிவித்து, பதினான்கு பேருக்குப் பரோட்டா வாங்கிப் போட்டார். நானும் சாப்பிட்டேன். சால்னாவில் டீசல் வாசம் அடித்தது எனக்கு மட்டும்தான்.

ஆயுத பூஜை அன்று வண்டிகளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி வரிசையாக நிறுத்தியிருந்தோம். பூசணிக்காய் உடைத்து முடித்ததும் மாமா என் வண்டிக்கு வந்தார். கையில் புத்தம் புதிய ஐந்து லிட்டர் கேன். கழுத்தில் ஒரு முழம் மல்லிகை, நெற்றிக்குப் பொட்டு. மார்க்கர் பேனாவில் பெரிதாக 391 என்று எழுதியிருந்தது. எனக்கு லைட் எரிந்த நம்பர் அவருக்கு எப்படித் தெரியும் என்று இன்றுவரை கேட்கவில்லை. ஒருவேளை பழனியில் எனக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்து, நான் பங்க்கைப் பார்த்து வேகம் குறைத்துவிட்டு மறுபடி போனதைப் பார்த்திருக்கலாம். மீதியை மீட்டரிலிருந்து கழித்துப் பார்த்திருப்பார்.

பெரியப்பா குனிந்து பார்த்துவிட்டு, "என்னடா இது, 391?" என்றார்.

"பிரசாதம்ணே" என்றார் மாமா.

கேன் இன்னும் என் சீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது, நிரப்பித்தான் வைத்திருக்கிறேன். போன மாதம் அதிலிருந்து மூன்று லிட்டர் மாமாவின் வண்டிக்குப் போயிற்று. அதை ஸ்டாண்டில் எப்போது சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.