ஏழு பக்கம் எழுதியும் திரும்பி வந்த அறிக்கை

கேள்வி: சிங்கப்பூரின் ஜூரோங் வட்டாரத்தில் ஒரு கிடங்கில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். போன வாரம் ஊழியர் ஒருவர் வழுக்கி விழுந்தார். டாக்டர் மூன்று நாள் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) கொடுத்தார். அதைப் பற்றி ஏழு பக்கம் அறிக்கை எழுதினேன். "சரி, இப்போ நான் என்ன செய்யணும்?" என்று கேட்டு மேலாளர் திருப்பி அனுப்பிவிட்டார். அறிக்கையை எப்படித்தான் எழுதுவது?
– வாசகி, ஈசூன்

பதில்: உங்கள் மேலாளர் கேட்ட அந்தக் கேள்விக்கான பதிலை முதல் பத்தியில் வையுங்கள். பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

நீங்கள் அனுப்பிய நகலைப் படித்தேன். காலை 8 மணிக்கு வேலை தொடங்கியதிலிருந்து ஆரம்பித்திருக்கிறீர்கள். ஆள் விழுவதே மூன்றாம் பக்கத்தில்தான்! நானும் முதல் வேலையில் இப்படித்தான், கேட்ட செலவுத் தொகையைப் பதினான்காம் பக்கத்தில் ஒளித்துவைத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்படித் தொடங்கிப் பாருங்கள்: "12ஆம் தேதி காலை 9.40க்கு, சாமான் இறக்கும் இடத்தில் ஊழியர் ஒருவர் எண்ணெயில் வழுக்கி விழுந்தார். மூன்று நாள் எம்சி. எண்ணெய் கசிந்த ஃபோர்க்லிஃப்டைப் பழுதுபார்க்கும் வரை நிறுத்திவைக்க உங்கள் ஒப்புதல் தேவை." இந்தச் சுருக்கம் முதலில் வரும், ஆனால் கடைசியில்தான் எழுத முடியும்.

அதன்பின், அறிக்கையை யார் கேட்டார், யாரிடம் விசாரித்தீர்கள், எந்தக் கேமராப் பதிவைப் பார்த்தீர்கள் என்று நாலைந்து வரி போதும். படங்களும் ஃபோர்க்லிஃப்ட் சோதனைத் தாள்களும் பின்னிணைப்புக்குப் போகட்டும்.

நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டியது நடுப்பகுதியில். கண்டது ஒன்று, அதிலிருந்து நீங்கள் முடிவு கட்டியது வேறொன்று. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழைக்காதீர்கள். "ஊழியர் கவனக்குறைவாக நடந்ததால் விழுந்தார்" என்கிறீர்கள். கவனக்குறைவை யார் பார்த்தார்? நீங்களே தரும் சாட்சியப்படி, அவர் இரு கைகளிலும் பெட்டி வைத்திருந்தார், தரையில் ஒரு கை நீளத்துக்கு எண்ணெய் கிடந்தது. அதை அப்படியே எழுதுங்கள். அந்த ஒரு சொல் ஓர் ஊழியரின் பெயரைக் கெடுத்துவிடும், அம்மா. எண்ணெய் ஏன் கசிந்தது, யாரும் ஏன் பார்க்கவில்லை என்று கேட்டுக்கொண்டே போனால், அன்றைய சோதனைத் தாளில் கையெழுத்து இல்லை என்ற இடத்தில் வந்து நிற்கிறீர்கள். அது உங்கள் ஆறாம் பக்கத்தில் ஓர் ஓரமாகக் கிடக்கிறது!

பரிந்துரைகளில் "ஊழியர்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்" என்று ஒன்று. யார், எப்போது? "ஒவ்வொரு ஷிஃப்ட் தொடங்கும்போதும் ஓட்டுநர் சோதனைத் தாளில் கையெழுத்திட வேண்டும், மேற்பார்வையாளர் அதைப் பார்த்த பிறகே சாவி கொடுக்க வேண்டும்" என்றால் நாளைக்கே நடக்கும்.

என் ஆங்கிலம் சுமார்தான் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அலங்கார ஆங்கிலத்தை யாரும் கேட்கவில்லை. 1979இல் பிரதமர் லீ குவான் இயூ, அமைச்சர்களையும் மூத்த அதிகாரிகளையும் கூட்டி, எளிமையாகவும் தெளிவாகவும் எழுதுங்கள் என்றுதான் பேசினார். "இட் வாஸ் அப்சர்வ்ட் தட்" என்று இழுக்காமல், யார் பார்த்தாரோ அவரை எழுவாயாக்குங்கள்.

அப்புறம் ஒன்று. இது உங்கள் நிறுவனத்துக்குள் சுற்றும் அறிக்கை. வேலையிடத்தில் அடிபட்டு எம்சி கிடைத்தால், முதலாளி 10 நாளுக்குள் மனிதவள அமைச்சுக்கும் தெரிவித்தாக வேண்டும். இந்த இதழ் கைக்கு வருவதற்குள் கெடு முடிந்துவிடும் என்பதால், இதை மட்டும் உங்கள் கடிதம் கிடைத்த அன்றைக்கே உங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். பார்த்தீர்களா?