தேயிலை மூட்டைக்குப் பார்கோட்: எந்த லைப்ரரி நல்லது?

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்கு மென்பொருள் எழுதும் வாசகர் கேட்கிறார்: "ஜாவாவில் ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸ் என்ற அறிக்கைக் கருவியைப் பயன்படுத்துகிறோம். மூட்டை லேபிளில் போடும் பார்கோட், பிஎன்ஜி படமாக வருகிறது. திரையில் நன்றாகத்தான் இருக்கிறது. அச்சடித்தால் ஸ்கேனர் பாதி லேபிள்களை வாசிப்பதில்லை. காசு கொடுத்து வேறு லைப்ரரி வாங்கவா?"

வாங்க வேண்டாம். ஜாஸ்பரிலேயே பார்கோட்4ஜே என்ற பார்கோட் லைப்ரரி சேர்ந்து வருகிறது. அது கோடுகளைப் புள்ளிப் படமாக ஒட்டாமல் வெக்டராக, அதாவது அளவு சொல்லிக் கோடாகவே வரையும். உங்களுக்கு அதுவே போதும்.

படத்தை அறிக்கைப் பெட்டிக்குள் சுருக்கும்போது கோடுகளின் அகலம் கலைந்துவிடுகிறது. ஸ்கேனர் வாசிப்பதே அந்த அகல வித்தியாசத்தைத்தான். வெக்டருக்கு மாறினாலும் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். சாதாரண லேபிள் பிரிண்டர் 203 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 203 புள்ளி. ஒரு புள்ளி சுமார் 0.125 மி.மீ. ஆகவே மெல்லிய கோடு 0.25 அல்லது 0.375 மி.மீ. ஆக இருக்கட்டும். 0.3 என்று வைத்தால் சில கோடுகளுக்கு இரண்டு புள்ளி, சிலவற்றுக்கு மூன்று என்று பிரிண்டர் தன்பாட்டுக்குப் பிரித்துவிடும்.

மூட்டைக்கு கோட் 128 என்ற பார்கோட் வகையை எடுங்கள். 12 இலக்க எண், அதில் இரண்டிரண்டு இலக்கமாகச் சேர்ந்து 101 அலகுகளில் முடிந்துவிடும். ஓர் அலகு என்பது மெல்லிய கோட்டின் அகலம்; அதை 0.25 மி.மீ. வைத்தால் மொத்தம் சுமார் 25 மி.மீ. இரண்டு பக்கமும் பத்து அலகு வெற்றிடம் கட்டாயம். அதையும் சேர்த்தால் 30 மி.மீ. சொச்சம், ஜாஸ்பர் பெட்டியில் 86 பாயிண்ட். அதே எண்ணைக் கோட் 39 என்ற பழைய வகையில் போட்டால் 50 மி.மீ.ஐத் தாண்டிவிடும். ஜாஸ்பர் பெட்டிக்கு ஏற்ப பார்கோடை இழுக்கவும் சுருக்கவும் செய்யும் என்பதால், அச்சடித்த லேபிளை அடிமட்டம் வைத்து அளந்து பாருங்கள். பிடிஎஃப்பிலிருந்து அச்சடிப்பதென்றால் 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை அணைத்துவிட்டு, உள்ளபடியே அச்சிடுங்கள்.

பார்கோடுக்குள் மூட்டை எண் மட்டும் போதும். தோட்டத்துப் பெயர், பிஓபி, பிஓபிஎஃப் போன்ற தரம், இன்வாய்ஸ் எண் எல்லாம் தரவுத்தளத்தில் இருக்கட்டும். கண்ணால் பார்க்கிறவருக்கு எழுத்தாக அச்சடித்தால் சரி. தமிழ் எழுத்தைக் கோட் 128 ஏற்காது. க்யூஆர் ஏற்கும்; ஆனால் விசைப்பலகை போல இயங்கும் ஸ்கேனர்கள் பல அதைச் சிதைத்துத்தான் கணினிக்கு அனுப்பும். செக்ரோலுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரவு, சம்பளப் பதிவேட்டுக்கு, அட்டை செய்தாலும் இதே வழிதான்: பார்கோடில் பதிவு எண், மேலே தமிழில் பெயர்.

அப்புறம் உரிமம். இதைப் பலரும் கடைசியில்தான் பார்க்கிறார்கள், அது எனக்குக் கவலை. பார்கோட்4ஜே, அதுபோன்ற இன்னொரு பார்கோட் லைப்ரரியான இசட்எக்ஸிங் இரண்டும் அப்பாச்சி உரிமம். விற்கும் மென்பொருளிலும் தாராளமாகச் சேர்க்கலாம். பிடிஎஃப் உருவாக்கும் ஐடெக்ஸ்ட் லைப்ரரி, 5ஆம் பதிப்பு முதல் ஏஜிபிஎல் உரிமம், அதைச் சேர்த்துத் தொழிற்சாலைகளுக்கு விற்பதென்றால் உங்கள் மூல நிரலையும் கொடுக்க வேண்டும், இல்லையேல் வணிக உரிமம் வாங்க வேண்டும்.

எல்லா மூட்டைக்கும் பயன்படுத்துவதற்கு முன் ஒரு கட்டு லேபிள் அச்சடித்து, நிரப்பிய மூட்டைகளில் ஒட்டி, தொழிற்சாலையின் டெஸ்பாட்ச் அறையில் ஊழியர்கள் கையிலிருக்கும் ஸ்கேனராலேயே வாசித்துப் பாருங்கள். மேசையில் தட்டையாக வாசிக்கிற லேபிள், மூட்டையின் மடிப்பில் வாசிக்காமல் போகலாம்.