மாத்திரை மகளுக்கா, மாமாவின் ஆசைக்கா?

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு தாயின் கடிதம். ஒரு ஏக்கர் ரப்பர்; கணவர் பால்வெட்டுக்குப் போகிறவர். மகள் போன வருடம் பிளஸ் டூ முடித்து நீட் எழுதினாள், அரசு இடத்துக்கான மதிப்பெண் வரவில்லை. இப்போது மார்த்தாண்டத்தில் ரிப்பீட்டர் கோச்சிங். லீவில் வந்த தாய்மாமன் இரண்டு அட்டை மாத்திரை கொடுத்துவிட்டு வளைகுடாவுக்குத் திரும்பிவிட்டார். “மூளை ஷார்ப்பாகும், அங்கே எல்லாப் பிள்ளைகளும் திங்குதுவ” என்றாராம். தாய் கேட்கிறார்: “புத்தி கூடினா அவ வாழ்க்கை நல்லாகும்தானே? கொடுக்கட்டுமா?”

அம்மா, கொடுக்காதீர்கள். உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் ஆறுதல் சொல்லி நேரம் கடத்த முடியாத விஷயம் இது. மகளிடம் புத்திக்குக் குறைவில்லை என்பது உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த அட்டைகள். நீங்கள் எழுதிய இரண்டு பெயர்களில் ஒன்று மோடாஃபினில். பகலில் தன்னையறியாமல் தூங்கி விழும் நோய்க்கும், இரவு ஷிப்டுக்காரர்களின் தூக்கக் கோளாறுக்கும் தருவது. மற்றது மெத்தில்ஃபெனிடேட்; கவனக்குறைவு - மிகையியக்கக் கோளாறு என்று மருத்துவர் உறுதி செய்த பிள்ளைகளுக்கான மருந்து. அப்படிப்பட்ட பிள்ளைக்கு அது உண்மையிலேயே கைகொடுக்கும். அவர்கள் யாரும் இதைப் படித்துவிட்டு நிறுத்த வேண்டாம். ஆனால் நம் நாட்டில் அது அட்டவணை எக்ஸ் மருந்து. மருத்துவர் இரட்டைப் பிரதியில் சீட்டு எழுத வேண்டும், ஒரு பிரதியை மருந்துக்கடைக்காரர் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் அது இருக்கிறது. சீட்டில்லாமல் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவது மாமா நினைப்பதுபோல மிட்டாய் வாங்கிவருகிற காரியமல்ல. மகள் ஏற்கெனவே சில வாரம் சாப்பிட்டிருந்தால் அதை மறைக்க வேண்டாம். அட்டையோடு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். தொடர்ந்து சாப்பிட்டுத் திடீரென்று நிறுத்தும்போது சோர்வும் மனவாட்டமும் வரலாம். மோடாஃபினில் சாப்பிட்டு உடம்பில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றைக்கே போக வேண்டும். அபூர்வம்தான், ஆனால் உயிருக்கு ஆபத்தான தோல் ஒவ்வாமையின் தொடக்கமாக இருக்கலாம்.

சரி, பக்கவிளைவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். பலன் உண்டா? மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கவனக்குறைவுக் கோளாறு இல்லாத 40 பேருக்கு இந்த இரண்டு மருந்துகளையும், இதே வகையில் இன்னொன்றையும், வெறும் மாவு மாத்திரையையும் வெவ்வேறு நாளில் கொடுத்துக் கடினமான கணக்குப் புதிர்களைப் போட வைத்தார்கள். மருந்து சாப்பிட்ட நாளில் அவர்கள் அதிக நேரம் எடுத்தார்கள், அதிக முயற்சி போட்டார்கள். ஆனால் முயற்சியின் தரம் இறங்கியது. மாவு மாத்திரை நாளில் சராசரிக்கு மேல் இருந்தவர்களில் பலர் மருந்து நாளில் சராசரிக்குக் கீழே போனார்கள்.

இதை நீட் தாளில் வைத்துப் பாருங்கள். 180 நிமிடம், 180 கேள்வி. சரிக்கு 4, தப்புக்கு ஒன்று கழியும். தெரியாததை விட்டுவிட்டு நகரும் நிதானம்தான் அங்கே மதிப்பெண். விறுவிறுப்பு கூடி நிதானம் குறைந்தவள் 15 கேள்வியைக் கூடுதலாகத் தொட்டுப் பத்தைத் தப்பாக்கினால், மீதி ஐந்தில் கிடைக்கிற 20இல் பத்து கழிந்துபோகும். அதற்குச் செலவான நிமிடங்களில் தெரிந்த கேள்வி நாலு விட்டுப்போயிருக்கும்.

உங்கள் கணவரிடம் கேளுங்கள், இன்னும் நன்றாகச் சொல்வார். ரப்பர் மரத்தில் எத்திபோன் தடவி வெட்டினால் சிரட்டை நிறையும். அளவு தெரியாமல் அடிக்கடி தடவினால் என்ன ஆகும்? பட்டை வறண்டு, வெட்டினாலும் பால் வராமல் நிற்கும்.

மூளையைச் செயற்கையாகத் தூண்டும் மற்ற வழிகளையும் விசாரித்திருந்தீர்கள். நெற்றியில் மின்முனை வைத்து ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் மின்சாரம் செலுத்தும் கருவி ஆய்வுக்கூடப் பொருள். 2013இல் வந்த ஒரு ஆய்வில், மூளையின் ஒரு பகுதியைத் தூண்டியபோது புதிதாகக் கற்பது வேகமானது, கற்றதைத் தன்னியல்பாகக் கையாளும் திறன் குறைந்தது. வேறு பகுதியைத் தூண்டியபோது அப்படியே தலைகீழ். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கிக்கொள்கிறது. நியூராலிங்க் நிறுவனத்தின் மூளைச் சில்லு 2024இலிருந்துதான் மனிதர்களுக்குப் பொருத்தப்படுகிறது, அதுவும் கைகால் செயலிழந்தவர் கணினியை இயக்குவதற்காக. ரேங்க் வாங்கித் தரும் சில்லு எங்கும் இல்லை. கண்ணைக் கட்டிப் படிக்க வைக்கும் ‘மிட்பிரெய்ன்’ வகுப்புக்குப் பணம் கட்டியிருந்தால் திருப்பிக் கேளுங்கள். மூக்குக்கும் கட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி வழியாகத்தான் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அந்த இடைவெளியை அடைத்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள், தெரிந்துவிடும்.

இனி உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். புத்தி கூடினால் வாழ்க்கை நன்றாகுமா? குறை இருக்கும் இடத்தில் அதை நிரப்பினால் ஆகும். கர்ப்பத்திலும் சிறுவயதிலும் அயோடின் குறைந்தால் குழந்தையின் அறிவு வளர்ச்சி பாதிக்கும். அயோடின் உப்பு அதைத் தடுத்தது. ஆகவே மாமாவின் மாத்திரைக்குப் பதில் மகளுக்கு இவற்றைப் பாருங்கள்: ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருக்கிறதா, தைராய்டு, பி12, கண் பவர். அரசு மருத்துவமனையில் ஒரு காலைப்பொழுது வேலை. இந்த வயதில் எட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். ஒரு மணிக்குப் படுப்பவளை நாலரைக்கு எழுப்புகிறேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். பகலில் படித்ததை மூளை உறுதிப்படுத்துவது தூக்கத்தில். அதைப் பிடுங்கிவிட்டு மாத்திரையால் ஈடு கட்டப் பார்ப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

குறையே இல்லாதவருக்கு இன்னும் ஏற்றினால்? ஸ்டான்ஃபோர்டில் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் 1921இல் தொடங்கி, ஐ.க்யூ. மிக அதிகமான 1,500க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்தார். பலர் நன்றாக இருந்தார்கள். சாதாரண வேலையில் இருந்தவர்களும் உண்டு. அவர்களில் மிக முன்னேறியவர்களையும் பின்தங்கியவர்களையும் ஒப்பிட்டபோது ஐ.க்யூ.வில் பெரிய வித்தியாசம் இல்லை. விடாமுயற்சியிலும், எதை நோக்கிப் போகிறோம் என்ற தெளிவிலும்தான் வித்தியாசம். அந்தத் தேர்வில் மதிப்பெண் போதாமல் கழிக்கப்பட்ட இரண்டு சிறுவர்கள், ஷாக்லியும் ஆல்வரெஸும், பின்னாளில் 1956இலும் 1968இலும் இயற்பியல் நோபல் வாங்கினார்கள்.

இன்னொன்று, மாமா யோசிக்காதது. 2024இல் நீட் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துச் சொச்சம். எல்லோருக்கும் புத்தியை ஒரு படி ஏற்றும் மருந்து நாளைக்கே வந்தாலும் கட் ஆஃப்தான் ஏறும், இடம் ஒன்றுகூட அதிகமாகாது. செலவு மட்டும் எல்லா வீட்டிலும் கூடும்.

இப்போது உங்கள் மகள். கடிதத்தில் புகாராக ஒரு வரி: “படிக்க வேண்டிய நேரத்துல எங்க அக்கா பேரன்கூட உக்காந்து ஊ, ஆ, ஸ்ஸுன்னு சத்தம் போட்டு வெளையாடுகா.” அந்தப் பையனுக்கு நான்கு வயது, காது கேளாததால் அறுவை செய்து காக்ளியர் கருவி வைத்திருக்கிறது என்றும் சொல்கிறீர்கள். அது விளையாட்டல்ல அம்மா. ‘லிங் ஆறு ஒலி’ச் சோதனை: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். பேச்சில் வரும் தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்ததுவரை இந்த ஆறுக்குள் அடங்கும். குழந்தையின் பின்னால், உதடு தெரியாமல், மூன்றடி தள்ளி நின்று, வரிசை மாற்றி, நடுநடுவே சும்மா இருந்தும் சொல்ல வேண்டும். ஒலி கேட்டால் குழந்தை ஒரு கட்டையை டப்பாவில் போடும். ‘ஸ்’ஸுக்கு மட்டும் போடவில்லை என்றால் முதலில் பேட்டரி, பிறகு தலையில் ஒட்டும் காயில், மைக்; எல்லாம் சரியென்றால் கருவியின் ஒலி அளவைத் திருத்தும் மேப்பிங்குக்குப் போக வேண்டும். உங்கள் அக்காவோடு ஒருமுறை தெரபிக்குத் துணைக்குப் போனவள், பார்த்தே இதைப் பிடித்திருக்கிறாள். புத்திக்குக் குறைவில்லை என்று சொன்னேனே, இதை வைத்துத்தான்.

அந்தப் பையனைப் பாருங்கள்; உள்ளே கருவி வைத்தால் வாழ்க்கை மாறிவிடுமா என்பதற்கு உங்கள் வீட்டிலேயே பதில் இருக்கிறது. அறுவை முடிந்து மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் கருவியை இயக்குவார்கள். அப்போது குழந்தைக்குக் கேட்பது பேச்சல்ல, அர்த்தமில்லாத இரைச்சல். ஒவ்வொரு மின்முனைக்கும் கேட்கத் தொடங்கும் அளவையும் தாங்கும் அளவையும் செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்ட் தனித்தனியாக நிர்ணயிக்க வேண்டும். மாதக்கணக்கில் திருத்த வேண்டும். தொடர்ந்த பயிற்சிக்குப் பிறகுதான் இரைச்சல் ‘அம்மா’வாகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை இலவசம். பயிற்சிக்கு விடாமல் போகாத பிள்ளைகளுக்குக் கருவி காதில் தொங்கும், பேச்சு வராது.

இந்த வேலைக்கான படிப்பு பி.ஏ.எஸ்.எல்.பி., அதாவது செவித்திறனும் பேச்சு - மொழிச் சிகிச்சையும். மூன்று வருடப் படிப்பு, ஒரு வருட இன்டர்ன்ஷிப். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ, 50 சதவீதம். உடற்கூறியல், ஒலியியல், மொழியியல், உளவியல், புள்ளியியல் எல்லாம் வரும். முதல் வருடம் ஒலியியலில் தடுமாறுகிறவர்கள் அதிகம், பிளஸ் டூ இயற்பியலின் அலைகள் பாடத்தை மறக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள். பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் ஓ.ஏ.இ., பெரா சோதனை, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம், காதுக்கருவி பொருத்துதல் எல்லாம் ஒரு பக்கம். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சோ விழுங்குவதோ போனவர், திக்குவாய், உதடு பிளவு, ஆட்டிசம், தொண்டை கட்டிப்போகும் ஆசிரியர்கள் மறுபக்கம். உங்கள் மகள் தமிழும் மலையாளமும் வீட்டுமொழிபோலப் பேசுகிறவள்; மொழியே மருந்தான இந்தத் தொழிலில் அது எல்லையோர மாவட்டத்தில் பெரிய முதல்.

எங்கே சேரலாம்? தமிழ்நாட்டு அரசின் துணை மருத்துவப் பட்டப்படிப்புச் சேர்க்கையில் இது உண்டு. பிளஸ் டூ மதிப்பெண்தான், நீட் வேண்டாம். மைசூரில் மத்திய அரசின் அகில இந்தியப் பேச்சு - செவித்திறன் நிறுவனம் தனியாக நுழைவுத்தேர்வு வைக்கிறது. திருவனந்தபுரம் ஆக்குளத்தில் இருக்கும் ‘நிஷ்’ என்ற தேசியப் பேச்சு - செவித்திறன் நிறுவனம் உங்களுக்குப் பக்கம்தான், ஆனால் கேரளச் சேர்க்கை விதி வேறு. அந்த வருட அறிவிப்பில் பிற மாநிலத்தார் பத்தியைப் படித்த பிறகே பணம் கட்டுங்கள். எந்தக் கல்லூரியானாலும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் அங்கீகாரம் எந்த வருடம்வரை என்று குழுமத்தின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். புரோக்கர் காட்டும் ஜெராக்ஸ் போதாது. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் குழுமத்தின் பதிவெண் இல்லாமல் தொழில் செய்வது குற்றம். ஒரு வருட டி.எச்.எல்.எஸ். டிப்ளமோ உதவியாளர் நிலைக்கானது, அதைப் பட்டம் என்று விற்பவர்கள் உண்டு.

குறையையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கச் சம்பளம் டாக்டர் சம்பளம் அல்ல. காதுக்கருவி விற்கும் கடைகளில் டார்கெட் வைப்பார்கள். நர்ஸ்போல உடனே வெளிநாடு போக முடியாது. அந்த நாட்டு உரிமமும் மொழியும் வேண்டும்.

பணத்தில் நான் இறங்கிவர மாட்டேன். ரப்பரை விற்று மேனேஜ்மென்ட் கோட்டா என்று மாமா சொல்வதை ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஒரு ஏக்கர்தான் அவள் தம்பியின் படிப்புக்கும் உங்கள் வயோதிகத்துக்கும். மூன்றாவது முறை கோச்சிங்கும் வேண்டாம். இந்த வருடம் நீட்டை நன்றாகத் தூங்கி எழுந்து எழுதட்டும், இடம் வந்தால் அவள் விரும்பினால் போகட்டும். அதோடு துணை மருத்துவ விண்ணப்பத்தையும் கடைசித் தேதிக்கு முன் போட்டுவிடுங்கள். ஜாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்றை இப்போதே இ-சேவையில் எடுத்து வையுங்கள். தனியாரானால் நான்கு வருட மொத்தச் செலவையும் விடுதியோடு எழுதிக் கேளுங்கள்; ஏழரை லட்சம்வரை சொத்து ஈடில்லாமல் கல்விக்கடன் கிடைக்கும், அதைத் தாண்டும் கல்லூரி உங்களுக்கானதல்ல.

மாமாவிடம் நீங்கள் பேச வேண்டாம், கணவர் பேசட்டும். அதற்கு முன் ஆசாரிப்பள்ளத்தில் உள்ள மாவட்ட ஆரம்பகாலத் தலையீட்டு மையத்துக்கு மகளை ஒரு நாள் அக்கா பேரனோடு அனுப்புங்கள். அங்கே பேச்சுப் பயிற்சி நடக்கும்போது பக்கத்தில் உட்கார அனுமதி கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் கூடப் போக வேண்டாம். திரும்பி வந்து அவளாக என்ன சொல்கிறாள் என்று பாருங்கள்.