டேட்டாபேஸ் கேள்வி பதில்: எதை எடுப்பது, யார் கைவைப்பது, எப்படி மீட்பது

22 வருடமாக டிபிஏ வேலை, அதாவது டேட்டாபேஸ்களைப் பராமரிக்கும் வேலை பார்க்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அண்ணா, புது ப்ராஜெக்டுக்குப் போஸ்ட்கிரெஸா, மாங்கோடிபியா? டீமே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறது. ஆர்டர், பணம், ஸ்டாக் எல்லாம் உண்டு.

இரண்டும் டேட்டாபேஸ் மென்பொருள்கள்தான்: போஸ்ட்கிரெஸ் தகவலை டேபிள்களில் வைக்கும், மாங்கோடிபி தனித்தனி ஆவணங்களாக வைக்கும். பணமும் ஸ்டாக்கும் இருந்தால் என் ஓட்டு போஸ்ட்கிரெஸுக்கு. ஆனால் சண்டையில் பழைய வாதங்களை இழுக்காதீர்கள். மாங்கோவில், பல மாற்றங்களை ஒன்றாகச் செய்து நடுவில் தவறினால் எல்லாவற்றையும் ரத்து செய்யும் டிரான்சாக்‌ஷனே கிடையாது என்பது 2018-இல் 4.0 பதிப்பு வந்ததோடு போயிற்று. போஸ்ட்கிரெஸில் ஜேசன் (பெயரும் மதிப்புமாக எழுதும் தகவல் வடிவம்) வைக்க முடியாது என்பதும் அப்படித்தான். 2014-இல் வந்த 9.4 பதிப்பிலேயே அதற்கான ஜேசன்பி வகை வந்துவிட்டது. 'ஸ்கீமா வேண்டாம், வேகமாகப் போகலாம்' என்பார்கள் மாங்கோ கட்சியினர். ஸ்கீமா என்பது எந்தத் தகவல் எந்தப் பெயரில், எந்த வகையில் இருக்கும் என்ற அமைப்பு. ஸ்கீமா எங்கும் போகாது, டேபிளிலிருந்து கிளம்பிக் கோடுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். டேபிளுக்குச் சமமான ஒரே கலெக்‌ஷனில் கைபேசி எண் 'ஃபோன்', 'மொபைல்', 'கான்டாக்ட்' என்று மூன்று பெயரில் கிடந்ததை நான் சுத்தம் செய்திருக்கிறேன். அதற்கே இரண்டு வாரம் ஆனது.

கேள்வி: சார், ஆரக்கிள் டேட்டாபேஸில் பெயர் ஃபீல்டுக்கு நீளம் 20 கொடுத்தோம். ஆங்கிலப் பெயர்கள் ஏறுகின்றன, தமிழ்ப் பெயர் போட்டால் நீளம் அதிகம் என்று பிழை. பெயர் பெரிதாகவும் இல்லையே?

'கொளஞ்சியப்பன்' என்று எழுதிப் பாருங்கள். கண்ணுக்கு 8 எழுத்து. கணினி எழுத்துகளுக்கு வைத்திருக்கும் யூனிகோடு குறிகளாக எண்ணினால் க, ொ, ள, ஞ, புள்ளி, ச, ி என்று தொடங்கி மொத்தம் 13. குறிகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், ஆக 39. ஆரக்கிளில் வெறும் 20 என்று போட்டால், யாரும் மாற்றாதவரை அது 20 பைட். '20 சார்' (கேரக்டர், அதாவது 20 குறி) என்று குறிப்பிட்டால் இந்தப் பெயர் உள்ளே போகும். ஆனால் இனிஷியலோடு ஊர்ப்பெயரும் சேர்த்து எழுதுவார்கள், தாராளமாக 100 கொடுங்கள்.

இன்னொரு வம்பு தேடலில் வரும். 'கொ'வின் ொ ஒரே குறியாகவும் வரலாம், ெ-யும் ா-வுமாக இரண்டாகவும் வரலாம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, டேட்டாபேஸுக்கு அவை வேறு வேறு பெயர்கள். சேமிக்கும் முன்பே இப்படிப் பிரிந்தவற்றை ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் எழுத்து முறையாக யூடிஎஃப்8எம்பி4 போடுங்கள். பழைய 3 பைட் யூடிஎஃப்8-இல் தமிழ் ஏறும், இமோஜி ஏறாது.

கேள்வி: ஓஆர்எம் (டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளைகளான குவரிகளைத் தானே எழுதித் தரும் கருவி) நல்லதா கெட்டதா?

நல்லதுதான், அது அனுப்பும் குவரியைப் பார்க்கிறவரை. 100 ஆர்டரைக் காட்டும் பக்கத்துக்கு 101 குவரி (பட்டியலுக்கு ஒன்று, ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒன்று) போகிறதா என்று லாகைத் திறந்து ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் நேரடி டேட்டாபேஸான புரொடக்‌ஷனில் எழுதும் உரிமை வேண்டும் என்று டெவலப்பர்கள் கேட்கிறார்கள். மேனேஜரும் கொடுக்கச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

படிக்கும் உரிமையைத் தயங்காமல் கொடுங்கள், அதுவும் முதன்மை டேட்டாபேஸின் நகலான ரெப்ளிகாவில். எழுதும் உரிமை வேண்டாம். டெவலப்பர்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை, நானே தவறியிருக்கிறேன். ஒரு நிறுவனத்தில் சம்பள டேபிளில் ஒரே ஒருவருடைய தொகையைத் திருத்த வேண்டியிருந்தது. எடிட்டரில் அப்டேட் வரியைச் செலக்ட் செய்தேன், அடுத்த வரியில் இருந்த, யாருடைய தொகை என்று சொல்லும் வேர் (where) கண்டிஷன் செலக்‌ஷனுக்குள் வரவில்லை. ரன் செய்தேன். '1 ரோ' என்று வர வேண்டிய இடத்தில் நான்கு இலக்க எண் வந்தது. ஆட்டோகமிட் ஆன், அதாவது மாற்றம் உடனே நிலையாகிவிட்டது. முந்தைய இரவு பேக்கப்பை வேறு சர்வரில் ஏற்றி, அந்த ஒரு டேபிளை மட்டும் எடுத்துவர விடிந்துவிட்டது.

அன்றிலிருந்து முதலில் பிகின் (இன்னும் நிலையாகாத மாற்றங்களின் தொடக்கம்), பிறகு அதே வேரோடு செலக்ட், எண்ணிக்கை சரியென்றால்தான் அப்டேட், மாற்றத்தை நிலைப்படுத்தும் கமிட்டுக்கு முன் பக்கத்தில் இன்னொருவர் பார்க்க வேண்டும். எனக்கும் இதே விதிதான்.

கேள்வி: தினமும் பேக்கப் ஓடுகிறது. போதும்தானே?

கடைசியாக அதிலிருந்து மீட்டுப் பார்த்தது எப்போது? 2017 ஜனவரி 31 இரவு மென்பொருள் கோடைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் ரெப்ளிகா என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டா கோப்புறையை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. தினசரி பேக்கப்பைத் தேடினால் காலி: டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸின் 9.6 பதிப்பு, டம்ப் (முழு நகல்) எடுக்கும் கருவி 9.2 பதிப்பு, இரண்டும் பொருந்தாததால் ஒவ்வொரு முறையும் தோற்றிருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. 6 மணி நேரம் முன்பு யாரோ கையால் எடுத்த ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நகல்) ஒன்றுதான் காப்பாற்றியது. நடந்ததையெல்லாம் அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள், அந்தப் பொறியாளரைப் பலி கொடுக்கவில்லை. எனக்கு அவர்கள்மேல் அதனாலேயே மரியாதை.

மாதம் ஒருமுறை மீட்டுப் பாருங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் எழுதி வையுங்கள், மேனேஜர் முதலில் கேட்பது அதைத்தான்.

கேள்வி: அண்ணா, எங்கள் ஆபீஸில் நான் ஒருத்திதான் டிபிஏ. எல்லா ராத்திரியும், அழைத்தால் எழுந்து பார்க்க வேண்டிய ஆன்‌கால். லீவு கேட்டாலே முகம் சுளிக்கிறார்கள்.

இது தப்பும்மா. நீங்கள் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு மாதம் வந்த அலர்ட்டுகளை நேரத்தோடு குறித்து, காலைவரை பொறுத்திருக்கக் கூடியவற்றை வட்டமிடுங்கள். பாதிக்கு மேல் அவைதான் இருக்கும், அவற்றை ராத்திரி அடிக்காமல் நிறுத்திவிடலாம். மிச்சத்துக்கு முறைவைத்துப் பார்க்க இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்று அந்தத் தாளோடு போய்க் கேளுங்கள். அடுத்த மீட்புப் பயிற்சியை ஒரு டெவலப்பர் செய்யட்டும். நீங்கள் எழுதி வைத்த குறிப்பு மட்டும் அவர் கையில் இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கீபோர்டைத் தொடாமல், அவர் எந்த வரியில் திணறுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.